கையளவு ஸ்பீக்கரைக் காதால் நிறுத்துப் பார்ப்பது எப்படி?

போன மாதம் மாமியோடும் அவருடைய பேரனோடும் திருகோணமலை மத்திய வீதியில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சின்ன புளூடூத் ஸ்பீக்கர் தேவை. பேரனுக்கு உப்புவெளிக் கடற்கரையில் கூட்டாளிகளோடு பாட்டுக் கேட்க வேண்டும். மாமிக்குக் காலையில் விறாந்தையில் இருந்தபடி வானொலி கேட்க வேண்டும். அவர் போனில் வானொலி வருகிறது, ஆனால் போனின் சத்தம் அவருக்குக் காணாது. கடைக்காரத் தம்பி ஆறு பெட்டிகளை மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரே குத்துப்பாட்டைப் போட்டுக் காட்டினார். ஆறும் நன்றாகவே அதிர்ந்தன. மாமி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, எனக்கு அதிர வேண்டாம். மரண அறிவித்தலில ஊர்ப்பேர் விளங்கினாக் காணும்."

ஸ்பீக்கர் வாங்கப் போகிற எல்லாரும் இப்படி ஒரு வரியோடு போனால் பாதி வேலை முடிந்துவிடும். எதைக் கேட்கப் போகிறீர்கள், எங்கே வைத்துக் கேட்கப் போகிறீர்கள் என்ற இரண்டும் தெரியாமல் எந்த ஸ்பீக்கரையும் நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது. பெட்டியில் அச்சடித்த எண்கள் அதற்குப் பிறகுதான். அந்த எண்களுக்கு என்ன அர்த்தம், அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம், காதால் எப்படிச் சோதிப்பது என்பதை முதன்முதலாக வாங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஸ்பீக்கருக்குள் ஒரு சின்னக் கூம்பு இருக்கிறது. அது முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது, அந்த அசைவுதான் நம் காதுக்கு ஒலியாக வருகிறது. விநாடிக்கு எத்தனை தடவை அசைகிறது என்பதை ஹேர்ட்ஸ் என்ற அலகால் சொல்வார்கள். இளம் வயதுக் காதுக்கு 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். வயது போகப் போக மேல்முனை குறைந்துகொண்டு வரும். தவிலின் அடித்தொனி கீழ்ப்பக்கம், சிஞ்சா என்ற கைத்தாளத்தின் கிணுகிணுப்பு மேல்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் எல்லாம் கீழ்ப்பக்கத்தில்தான். தாழ்ந்த ஒலி கேட்க வேண்டுமானால் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். கொப்பி மட்டையால் ஒருதரம் விசிறிப் பாருங்கள், பிறகு தீப்பெட்டியால் விசிறிப் பாருங்கள். தீப்பெட்டியால் அதே காற்று வர வேண்டுமானால் கையை எவ்வளவு தூரம் வீச வேண்டும்? கூம்புக்கும் அதே பாடுதான். அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே அளவு சத்தத்துக்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 200 ஹேர்ட்ஸில் அரை மில்லிமீற்றர் அசைந்த கூம்பு, 100 ஹேர்ட்ஸில் இரண்டு மில்லிமீற்றரும் 50 ஹேர்ட்ஸில் எட்டு மில்லிமீற்றரும் அசைய வேண்டிவரும். நாலைந்து சென்ரிமீற்றர் அகலமுள்ள ஒரு கூம்பால் அவ்வளவு தூரம் அசைய முடியாது. அதனால்தான் கையளவு ஸ்பீக்கரில் பேஸ் என்று சொல்லும் அந்த ஆழமான தாழ்ந்த ஒலி வராது. எவ்வளவு விலை கொடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஆனாலும் சின்ன ஸ்பீக்கரில் பாட்டு முழுசாகத்தானே கேட்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பெட்டியின் ஓரத்திலோ பின்புறத்திலோ ரப்பர் விளிம்போடு துடிக்கிற ஒரு தகடு. பாஸிவ் ரேடியேட்டர் என்று அதற்குப் பெயர். அதற்கு வயர் இணைப்பு எதுவும் கிடையாது. கூம்பு உள்ளே தள்ளும் காற்றழுத்தத்தால் அது தானாகத் துடித்து, தாழ்ந்த ஒலிக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். பாட்டு ஓடும்போது விரல் நுனியை அதில் மெல்லத் தொட்டால் துடிப்பு தெரியும். அழுத்திவிடாதீர்கள்.

மற்றக் காரணம் நம்முடைய மூளை. 100 ஹேர்ட்ஸில் கதைக்கும் ஒரு ஆணின் குரலில் அந்த 100 மட்டும் இருப்பதில்லை. அதோடு 200, 300, 400 என்று அடுக்கடுக்காக ஒலிகள் சேர்ந்து வரும். 100 ஹேர்ட்ஸ் காதுக்கு வராவிட்டாலும், மேலே இருக்கும் அடுக்குகளின் இடைவெளியைப் பார்த்து மூளை அதை ஊகித்துக்கொள்ளும். பழைய தொலைபேசிக் கம்பியில் 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரை மட்டுமே போனது. அதிலும் அப்பாவின் குரலை "ஹலோ" என்ற ஒரு சொல்லிலேயே கண்டுபிடித்தோமே, அது இந்த ஊகத்தால்தான். காது செய்யும் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. நல்ல சின்ன ஸ்பீக்கர் இந்தத் திறமையை நம்பி மேல் அடுக்குகளைச் சுத்தமாகக் கொடுத்துவிட்டு மிச்சத்தை நம்மிடம் விட்டுவிடும். மோசமான ஸ்பீக்கர் இல்லாத பேஸை இருப்பதாகக் காட்டுவதற்காக 150 ஹேர்ட்ஸ் பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, குடத்துக்குள் இருந்து கதைப்பதுபோல எல்லாக் குரலையும் ஆக்கிவிடும்.

இந்த இடத்தில் பெட்டியில் இருக்கும் முதல் எண்ணைப் பார்க்கலாம். ஜேபிஎல் கோ 3 என்ற கையடக்க ஸ்பீக்கருக்கு அதன் நிறுவனம் கொடுக்கும் அதிர்வெண் எல்லை 110 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை. அந்த அளவுள்ள பெட்டிக்கு 110 என்பது நம்பக்கூடிய எண். அதே அளவுப் பெட்டி ஒன்றில் 20 ஹேர்ட்ஸிலிருந்து என்று எழுதியிருந்தால், அந்தப் பெட்டியில் இருக்கும் மற்ற எண்களையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

சரி, காதால் சோதிப்பது எப்படி? கடையில் போடும் பாட்டை நம்பாதீர்கள், அந்த ஸ்பீக்கரில் எது எடுபடும் என்று தெரிந்துதான் அதைப் போடுவார்கள். உங்களுக்கு நன்கு பழக்கமான ஒலிகளை உங்கள் போனில் இறக்கிக்கொண்டு போங்கள். நான் மூன்று கொண்டுபோவேன். ஒன்று நாதஸ்வரமும் தவிலும். தவிலின் வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் விழும் சத்தம் உயர்ந்தது, சின்ன ஸ்பீக்கரிலும் அது பளிச்சென்று வரும். இடப்பக்கத்துத் தொப்பியில் கழி விழும்போது ஒரு "தொம்" கேட்க வேண்டும். சின்ன ஸ்பீக்கரில் அந்தத் தொம் மெலிந்துதான் வரும், அது பரவாயில்லை. அது "டப்" என்று வெறும் தட்டலாக மாறுகிறதா, அல்லது தோல் அதிர்வின் சாயலாவது மிஞ்சுகிறதா என்று கேளுங்கள். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது காதில் ஊசி குத்துகிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது, நூறு தடவையாவது கேட்ட ஒரு பாட்டு. மூன்றாவது, வெறும் பேச்சு. என்னைக் கேட்டால் மூன்றிலும் முக்கியமானது இந்தப் பேச்சுதான்.

தமிழ்ப் பேச்சில் ல, ள, ழ என்று மூன்று இருப்பது ஸ்பீக்கரைச் சோதிக்க நமக்குக் கிடைத்த வாய்ப்பு. மூன்றையும் பிரித்துக் காட்டும் நுட்பம் பேஸில் இல்லை, நடுப்பகுதி அதிர்வெண்களில் இருக்கிறது. ச, த போன்ற மெய்களின் கூர்மை அதற்கும் மேலே. அந்த இரண்டு பகுதியும் சுத்தமாக இருந்தால்தான் ஊர்ப்பேர் விளங்கும்.

அன்றைக்கு மாமிக்காக ஒரு வேலை செய்தோம். பேரன் தன் போனில் எங்கள் பக்கத்து ஊர்ப்பேர்களைச் செய்தி வாசிப்பதுபோல வாசித்துப் பதிந்தான். சல்லி, சாம்பல்தீவு, ஆலங்கேணி, கட்டைபறிச்சான், தம்பலகாமம், கும்புறுப்பிட்டி, குச்சவெளி. மாமியை மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாலு எட்டுத் தள்ளி நிற்கச் சொன்னோம். ஒவ்வொரு ஸ்பீக்கராக ஓடவிட்டோம். கேட்டதை மாமி திருப்பிச் சொல்ல வேண்டும். முதலாவது பெட்டியில் கும்புறுப்பிட்டி அவருக்கு வெறும் "பிட்டி" என்று விழுந்தது. அந்தப் பெட்டிதான் குத்துப்பாட்டில் எல்லாவற்றையும்விடக் கூட அதிர்ந்தது. நாலாவது பெட்டியில், ஆறிலும் சத்தம் குறைந்த அதில், ஏழு ஊரையும் பிசகாமல் சொன்னார். கடைக்காரத் தம்பியே ஆச்சரியத்தோடு அந்தப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

இப்படி ஒப்பிடும்போது ஒன்றை மறக்கக்கூடாது. எது கொஞ்சம் கூடச் சத்தமாக இருக்கிறதோ அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். எல்லார் காதும் அப்படித்தான். ஆகவே முதலில் ஒரு ஸ்பீக்கரின் சத்தத்தை அளவாக வைத்து, மற்றதையும் அதே அளவுக்குக் கூட்டிக் குறைத்து, பிறகுதான் ஒப்பிட வேண்டும். எது ஓடுகிறது என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இன்னும் நல்லது. அதற்கப்புறம் சத்தத்தை முக்கால்வாசிக்கும் மேலே ஏற்றுங்கள். சில ஸ்பீக்கர்கள் அங்கே கரகரக்கும். சில கரகரக்காது, ஆனால் கூம்பைக் காப்பாற்றுவதற்காகப் பேஸைத் தாங்களாகவே குறைத்துக்கொள்ளும், பாட்டு திடீரென்று மெலிந்துபோகும். இரண்டாவது வகை பரவாயில்லை. கரகரப்பைச் சகிக்கவே கூடாது.

வாட்ஸ் கணக்கு பலரை ஏமாற்றுகிற இடம். 5 வாட்ஸைவிட 10 வாட்ஸ் இரட்டிப்புச் சத்தம் என்று நினைக்கிறோம். உண்மையில் வலு இரட்டித்தால், சத்தத்தை அளக்கும் அலகான டெசிபலில் 3தான் கூடும், காதுக்கு அது "கொஞ்சம் கூட" என்ற அளவு. இரட்டிப்புச் சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது 10 மடங்கு வலு. பிஎம்பிஓ (கண நேர உச்ச வலு) என்று போட்டு நூற்றுக்கணக்கில் வாட்ஸ் எழுதியிருந்தால் அந்த எண்ணைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். ஆர்எம்எஸ் என்று போட்டிருப்பதுதான் தொடர்ந்து தரக்கூடிய வலு. மேலே சொன்ன கோ 3இன் எண் 4.2 வாட்ஸ்தான், ஒரு அறைக்கு அது காணும்.

அறைக்கு என்று சொன்னேன். கடற்கரைக்கு? இங்கேதான் பேரன் ஏமாந்திருப்பான். கடை என்பது நாலு சுவரும் கண்ணாடியும் உள்ள பெட்டி. ஸ்பீக்கரிலிருந்து எல்லாப் பக்கமும் போன ஒலி சுவரில் பட்டுத் திரும்பிக் காதுக்கு வருகிறது. வெளியில் அப்படித் திரும்பி வராது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபல் போய்விடும். ஒரு மீற்றரில் கேட்டதைவிட எட்டு மீற்றரில் 18 டெசிபல் குறைவு. அதோடு அலைச் சத்தம் வேறு, ஆடி ஆவணியில் காச்சான் காற்று வேறு. டச்சுக் குடாவில் ஒரு மாலை நேரம் நின்று பார்த்தால் தெரியும், பக்கத்தில் நிற்கிறவர் கதைப்பதே சில நேரம் விளங்காது. ஆகவே பேரனைக் கடை வாசலுக்கு அனுப்பினேன். ஸ்பீக்கரைப் படியில் வைத்துவிட்டு, ஓட்டோக்கள் போகும் வீதியோரத்தில் பத்து எட்டுத் தள்ளி நின்று கேட்கச் சொன்னேன். உள்ளே அவன் தேர்ந்தெடுத்த பெட்டியை வெளியே அவனே கழித்துவிட்டான். வெளியில் கேட்கிறவர்களுக்கு அடுத்த பெரிய அளவு, போத்தல் அளவில் இருக்கும் ஸ்பீக்கர்தான் சரி என்பது என் எண்ணம்.

வீட்டுக்குள் இதே விஷயம் நமக்குச் சாதகமாகத் திரும்பும். ஸ்பீக்கரை நடு மேசையில் வைக்காமல் சுவரை ஒட்டி வையுங்கள், பேஸ் கூடிவிடும். இரண்டு சுவர் சேரும் மூலையில் வைத்தால் இன்னும் கூடும். குரல் குழம்பினால் ஒரு சாண் முன்னால் இழுத்துவிடுங்கள். காசில்லாமல் ஒரு ஸ்பீக்கரை மாற்றியமைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

புளூடூத் இணைப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1984இலிருந்து 2013 வரை ஜெர்மன் வானொலியான டொய்ச்ச வெல்லவின் மறு ஒலிபரப்பு நிலையம் ஒன்று நம் திருகோணமலையில் இயங்கியது. அங்கிருந்து கிலோவாட் கணக்கில் வலுக் கொடுத்துச் சிற்றலையைக் கடல் தாண்டி அனுப்பினார்கள். புளூடூத்தும் வானொலி அலைதான், ஆனால் அதன் வலு மில்லிவாட் கணக்கு. அது எட்டும் தூரம் பொதுவாகப் பத்து மீற்றர் என்பார்கள். 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதியில், 79 தடங்களுக்கு இடையில் விநாடிக்கு 1,600 தடவை தாவித் தாவி ஓடுகிறது. வைஃபையும் அதே பகுதியில்தான் இருக்கிறது. ஒரு தடத்தில் இடைஞ்சல் வந்தால் அடுத்ததில் தப்பிக்கொள்வதற்காகத்தான் இந்தத் தாவல்.

இந்த அலைக்குத் தண்ணீர் ஆகாது. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். போனைக் காற்சட்டைப் பின்பையில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரைப் பார்த்து நின்றால் உங்கள் உடம்பே குறுக்கே நிற்கிறது. வீட்டுக்குள் சுவரில் பட்டுச் சுற்றி வந்து அலை சமாளித்துவிடும். கடற்கரையில் பட்டுத் திரும்பச் சுவர் இல்லை, அதனால் வீட்டில் வெட்டாத பாட்டு அங்கே வெட்டி வெட்டி வரும். வாங்குமுன் இதையும் சோதியுங்கள். போனைப் பின்பையில் வைத்து, வெளியில் பத்துப் பன்னிரண்டு எட்டு நடந்து பாருங்கள்.

புளூடூத்தில் ஒலி சற்றுப் பிந்தித்தான் வரும். சில ஸ்பீக்கர்களில் அது கால் விநாடி அளவுக்குக்கூடப் போகும். பாட்டுக்கும் வானொலிக்கும் அது பொருட்டில்லை. வீடியோ பார்க்கும்போது பல செயலிகள் படத்தையும் பிந்தவிட்டுச் சரிக்கட்டிவிடும். கேம் விளையாடுவதற்கும், போனில் கீபோர்ட் வாசித்துப் பழகுவதற்கும் மட்டும் இது சரிவராது. எஸ்பிசி, ஏஏசி, ஆப்டெக்ஸ் என்று கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) பெயர்களைப் போட்டு விலை ஏற்றியிருந்தால் அதற்காகக் கூடக் காசு கொடுக்க வேண்டாம். இத்தனை சின்னக் கூம்பில் அந்த வித்தியாசம் காதுக்கு வந்து சேருவது அரிது. வண்ண விளக்கும் அப்படித்தான், பற்றரியைத்தான் தின்னும்.

பற்றரிக்கு ஒரு சின்னக் கணக்குப் போடலாம். பெட்டியில் 1,200 மில்லி அம்பியர் மணி என்று இருக்கிறது என்று வையுங்கள். லிதியம் பற்றரியின் வோல்ட்டளவு 3.7. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 4.4 வாட் மணி. அதே பெட்டியில் 5 வாட்ஸ், 10 மணி நேரம் என்றும் போட்டிருக்கிறது. 4.4ஐ 10ஆல் வகுத்தால் 0.44 வாட்தான் வருகிறது. அதாவது அந்தப் பத்து மணி நேரம் என்பது அளவான சத்தத்தில் வைத்துச் சொன்ன எண். முழுச் சத்தத்தில் ஓடவிட்டால் ஒரு மணி நேரத்தைத் தாண்டுமோ தெரியாது. இது பொய் இல்லை, எந்தச் சத்தத்தில் என்பதைச் சொல்லாமல் விட்ட எண். கடற்கரைக்குக் கொண்டுபோகிறவர்கள் பெட்டியில் இருப்பதைப் பாதியாக, ஏன் அதற்கும் குறைவாக எடுத்துக்கொள்வது நல்லது. வெயிலில் நின்ற வாகனத்துக்குள் வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள். 45 பாகைக்கு மேல் லிதியம் பற்றரிகளைச் சார்ஜ் செய்வது கூடாது, வைகாசி ஆனி வெயிலில் மூடிய வாகனத்துக்குள் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும்.

கடைசியாக ஐபி எண். ஐபி67 என்றால் முதல் எண்ணான 6 தூசிக்கு, இரண்டாவதான 7 தண்ணீருக்கு. தூசி உள்ளே போகாது, ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்று இருந்தால் தூசிச் சோதனையின் முடிவைச் சொல்லவில்லை என்று பொருள். மணலில் வைக்கப் போகிறவர்கள் அந்த எக்ஸைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. கடல் தண்ணீர் வேறு கதை. மூன்று வருடத்துக்கு முன் நிலாவெளியில் என் ஸ்பீக்கர் அலையில் நனைந்தது. ஐபி67 தானே என்று துடைத்துவிட்டு, அன்றிரவே சார்ஜரில் போட்டேன். காலையில் சார்ஜ் துவாரத்துக்குள் பச்சை படிந்திருந்தது. ஈர உப்போடு மின்சாரமும் சேர்ந்ததால் உள்ளே இருந்த உலோகம் அரித்துவிட்டது. அதற்குப் பிறகு அது சார்ஜ் ஏறவே இல்லை. ஆசைப்பட்டு வாங்கிய சாமான், இன்றைக்கும் மனதுக்குக் கஷ்டம்தான். பேரனுக்கு இதை இரண்டு தரம் சொன்னேன். கடலில் நனைந்தால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசு, துவாரத்தைக் கீழே பார்க்கக் கவிழ்த்து வை, ஒரு நாள் முழுக்கக் காயவிடு, அதுவரை சார்ஜரைக் கிட்டவும் கொண்டுபோகாதே. "சரி மாமா, சரி மாமா" என்றான்.

மாமி அந்த நாலாவது பெட்டியையே வாங்கினார். விறாந்தை மூலையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு முன்பே அவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, வானொலியில இப்பதான் சொன்னவங்கள். ஆலங்கேணியில எங்கட பழைய ரீச்சர் மோசம் போயிட்டாவாம். பேரும் ஊரும் தெளிவாக் கேட்டது. பின்னேரம் நாலு மணிக்கு எடுக்கிறாங்களாம். என்னை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போறியா?"

மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னேன்.